கடத்தல் மன்னனும் கூலிக்குப் படகோட்டியவனும்

லண்டனில் வசிக்கும் இளைஞர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் எனக்கு நீண்டதொரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். பெற்றோர் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள். அவர் இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. 28 மில்லிமீற்றர் உயரமுள்ள உலோகப் பொம்மைகளை வாங்கி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டி, மேசைமேல் தெருக்களையும் மதுக்கடைகளையும் அட்டையால் அமைத்து, பகடை உருட்டிச் சண்டையிடும் ஆட்டம் அது. அவரிடமுள்ள பொம்மைகள் தொப்பியும் நீண்ட மேலங்கியும் தரித்து, தொம்சன் துப்பாக்கி ஏந்திய 1920களின் சிக்காகோக் கும்பல்காரர்கள். ஹொலிவுட் படங்களில் கண்டதை மேசைமேல் நடத்திப் பார்ப்பதே இதில் உள்ள இன்பம்.

இப்போது அவர் சொந்தமாக ஓர் ஆட்டத்தை உருவாக்க விரும்புகிறார். களம் சிக்காகோ அல்ல, பாக்கு நீரிணை. தலைமன்னார், பேசாலை, தனுஷ்கோடி, இடையிலுள்ள மணல் தீடைகள். அதற்காக என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். மன்னார்க் கடலின் பெரிய 'டொன்'கள் யார்? அவர்கள் எந்த ஆயுதங்களைப் பயன்படுத்தினார்கள்? எத்தகைய படகுகளில் சென்றார்கள்?

நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னேன். கொதித்துப் போனார்கள். "எங்கள் துயரத்தை விளையாட்டுச் சாமானாக்குகிறானா?" என்றார் ஒருவர். "இப்படிப்பட்ட விளையாட்டுகளாலும் சினிமாவாலும்தான் பிள்ளைகள் வாளோடு அலைகிறார்கள்" என்றார் மற்றவர். இருவர் கருத்தும் எனக்கு ஏற்புடையதல்ல. அந்தத் தம்பியின்மேல் எனக்குக் கோபமில்லை. அவரை அந்த முதற் கேள்வியைக் கேட்கவைத்தவர்கள்மேல்தான் கோபம்.

மேசை குற்றவாளியல்ல

போரைப் பொம்மைகளால் ஆடுவது புதிய கேடு அல்ல. பிரஷ்ய இராணுவம் 1824 முதல் தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க வரைபடமும் பகடையும் கொண்ட போர் விளையாட்டைப் பயன்படுத்தியது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913இல், முதலாம் உலகப்போர் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர், ஈயச் சிப்பாய்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு விதிநூலே எழுதினார். உண்மைப் போரைவிட இந்தச் சின்னப் போர் மேலானது என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டு ஐரோப்பாவைக் குருதியில் தோய்த்தவர்கள் பொம்மை வைத்து விளையாடிய பிள்ளைகள் அல்லர். அரசர்களும் அமைச்சர்களும் தளபதிகளும்தான்.

நம்மிடமும் ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். பலம் முழுவதும் ஒரு பக்கம். ஆயினும் ஆடுகள் நிதானமாகச் சூழ்ந்துகொண்டால் புலிக்கு நகர இடமிராது. பனைமர நிழலில் கள்ளன்-பொலிஸ் விளையாடாத பிள்ளை நம் ஊர்களில் உண்டா? கள்ளனாக நடித்தவர்களெல்லாம் கள்ளர்களாகிவிடவில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மேசை ஆட்டத்தில் விதி உண்டு. தலைவன் பொம்மையும் குறி தவறும். தோட்டா தீரும். பக்கத்திலிருந்தவன் விழுந்தால் மற்றவர்கள் மனமொடிந்து ஓடுவார்களா என்பதற்கும் பகடை உருட்டவேண்டும். திரைப்படக் கதாநாயகனுக்கு இவற்றில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. நாற்பது பேர் சுட்டாலும் அவன்மேல் படாது. அவன் ஒருமுறை சுட்டால் நால்வர் விழுவார்கள். இவ்விரண்டில் எது உண்மைக்கு நெருக்கமானது என்று கேட்டால், நான் பகடையின் பக்கமே நிற்பேன்.

யாழ்ப்பாணத்தில் 'ஆவா' முதலிய பெயர்களோடு வாள்வெட்டுக் குழுக்கள் தலையெடுத்தபோதும் பழி உடனே சினிமாவின் தலையில் விழுந்தது. சினிமா அவர்களுக்கு நடையையும் பட்டப்பெயரையும் முகநூற் படத்துக்கான தோரணையையும் கொடுத்திருக்கலாம். ஆனால் போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் தொழிலற்று நிற்கும் இளைஞனை, பாடசாலை வாசல்வரை வந்துவிட்ட போதைப்பொருளை, முறைப்பாடு செய்தாலும் ஒன்றும் நடக்காது என்ற ஊரவரின் அவநம்பிக்கையைச் சினிமாவா உண்டாக்கிற்று? படத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் அரசியல்வாதி தப்பிவிடுவார், அதிகாரி தப்பிவிடுவார், பெற்றோரும் தப்பிவிடுவர். அதனால்தான் அந்தக் குற்றச்சாட்டு இவ்வளவு பிரபலம்.

சினிமாமேல் எனது வழக்கு வேறு. அது வன்முறையைக் காட்டுகிறது என்பதல்ல. பொய்யான கணக்கைக் காட்டுகிறது என்பது.

'டொன்' எங்கே பிறந்தார்?

இந்தியத் திரையின் கடத்தல் மன்னனுக்கு மூலவர்களாகச் சொல்லப்படும் இருவர் தமிழர்கள். ஹாஜி மஸ்தான் இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் 1926இல் பிறந்தவர். வரதராஜ முதலியார் தூத்துக்குடியோடு தொடர்புபடுத்திப் பேசப்படுபவர். இரண்டும் மன்னாருக்கு எதிர்ப்புறக் கரையின் ஊர்கள். முன்னவரின் சாயல் 1975இல் அமிதாப் பச்சன் நடித்த 'தீவார்' படத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். பின்னவரின் சாயல் 1987இல் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' படத்தில். கமல்ஹாசனுக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த அந்தப் படத்துக்கு, 1972இல் வெளிவந்த 'தி கோட்ஃபாதர்' படமும் ஒரு தாய்.

இருவரும் கரையை விட்டு நீங்கிப் பம்பாய் சென்ற பின்னரே 'மன்னர்'களானார்கள். அவர்களின் அரியணை துறைமுகத்திலும் சேரியிலும் இருந்ததே தவிர, படகில் இருக்கவில்லை. அந்த அரியணையைச் செய்துகொடுத்ததும் அவர்களின் வீரமல்ல. இந்தியா 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உள்நாட்டுத் தாகம் குறையவில்லை. நேர்வழி மட்டும் அடைபட்டது. அடைபட்ட வழிக்குப் பக்கத்தில் கள்ளவழி திறந்தது. 1990இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, அடுத்த ஆண்டுகளில் இறக்குமதியும் தளர்த்தப்பட்டபோது, பழைய தங்க மன்னர்களின் காலம் மங்கிப்போனது. துப்பாக்கி முடிக்காத கதையை ஒரு வர்த்தமானி அறிவித்தல் முடித்துவைத்தது. இதைப் படமாக்கினால் யார் பார்ப்பார்கள்?

எனவே சினிமா வேறொன்றைச் செய்தது. கடத்தல்காரனை ஏழைகளின் நீதிபதியாக்கியது. அரசு கைவிட்ட இடத்தில் அவன் தந்தையாக நிற்கிறான், திருமணம் நடத்துகிறான், மருத்துவமனைக்கு அனுப்புகிறான். இந்த வார்ப்பிலேயே நம்மவரையும் ஊற்றினார்கள். 2021இல் வெளிவந்த கார்த்திக் சுப்புராஜின் 'ஜகமே தந்திரம்' படத்தில் லண்டன் ஈழத்தமிழர் கும்பல் தலைவன் சிவதாஸ், அகதிகளின் காவலனாக வருகிறான். 2015இல் கான் விழாவில் உயர்விருதான தங்கப்பனையை வென்ற ஜாக் ஓடியாரின் 'தீபன்', பாரிஸ் புறநகரின் போதைக் கும்பல்களுக்கு நடுவே ஒரு முன்னாள் போராளி வாழும் வாழ்க்கையை நெடுநேரம் மிக நேர்மையாகக் காட்டிவிட்டு, கடைசியில் அவனையும் தனியொருவனாகப் படிக்கட்டேறிக் கும்பலை வீழ்த்த அனுப்பிவிடுகிறது. அகதியின் அன்றாடம் போதவில்லை. அவன் வேட்டைக்காரனாகவும் இருந்தாகவேண்டும்.

இந்தப் படங்களிலெல்லாம் காணாமற்போகிறவன் ஒருவன் இருக்கிறான். இரவு பத்து மணிக்குக் கரையில் இயந்திரத்தை மாட்டி, சாமானை ஏற்றி, கடற்படையின் வெளிச்சத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டுகிறவன். திரையில் அவனுக்கு ஒரு வசனமும் கிடைப்பதில்லை.

முப்பது கிலோமீற்றர்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். 1914இலிருந்து 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று கொழும்பு வந்து இறங்கலாம். பிறகு இராமேஸ்வரத்திலிருந்து வந்த கப்பலும் 1980களின் தொடக்கத்தில், போர் சூழ்ந்தபோது நின்றுபோயிற்று. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் கடலில் கோடு கீறின. கோடு கீறியபின் அதன் இரு பக்கங்களிலும் விலை வேறு, வரி வேறு, சட்டம் வேறு. கடத்தலின் இயந்திரம் இந்த வேறுபாடுதான். யமஹா இயந்திரம் இரண்டாம் பட்சம்.

கடலட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2001 முதல் அதற்குப் புலிக்கும் யானைக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பு, பிடித்தாலே குற்றம். இலங்கையில் அனுமதிப்பத்திரம் பெற்றுக் குளித்தெடுக்கலாம், பண்ணை வைத்து வளர்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். ஒரே கடல், ஒரே உயிரினம். அங்கே குற்றப்பொருளாக இருப்பது, இங்கே கரையேறினால் அந்நியச் செலாவணி. மஞ்சளைப் பாருங்கள். இலங்கை அரசு இறக்குமதியைத் தடுத்ததும், கொரோனாக் காலத்தில் தேவை பெருகியதும் சேர்ந்து 2020இல் விலை எகிறியது. அதுவரை சமையலறை அலுமாரியில் கிடந்த மஞ்சள், மூட்டை மூட்டையாக மன்னார்க் கரையிலும் கற்பிட்டியிலும் பிடிபட்டது. பீடி இலையும் அவ்வாறே. எதிர்த்திசையில் தங்கம்: இந்தியாவின் இறக்குமதி வரி 2022இல் 15 சதவீதமானது, 2024 ஜூலையில் 6 சதவீதமாகக் குறைந்தது. இடையில், 2023 பெப்ரவரியில், மண்டபத்துக்கு அருகே கடலில் வீசப்பட்ட 17 கிலோவுக்கும் அதிகமான தங்கத்தைச் சுழியோடிகள் எடுத்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள்.

போர்க்காலத்தில் இது இன்னும் குரூரமாக இருந்தது. 1990களில் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு மண்ணெண்ணெயும் பற்றரியும் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். விளக்கெரிக்க எண்ணெய் கொண்டுபோனவனும் கடத்தல்காரன்தான்.

அந்தத் தம்பியின் சிக்காகோவும் இதே கணக்கில் பிறந்ததுதான். அமெரிக்கா 1920இலிருந்து 1933வரை மதுவைத் தடைசெய்தது. டெட்ரொயிட் ஆற்றுக்கு அப்பால் கனடாவில் விஸ்கி வடிப்பது சட்டபூர்வத் தொழில். இப்பால் வந்தால் குற்றம். அல் கபோனை உண்டாக்கியது அந்த ஆற்றின் அகலமல்ல, அதன் இரு கரைச் சட்டங்கள். 1929 பெப்ரவரி 14இல் சிக்காகோக் கொட்டகைச் சுவரோரம் சுட்டுக்கொல்லப்பட்ட ஏழு பேரில் ஒருவர் வாகனம் திருத்துபவர். கபோனோ அப்போது புளோரிடாவில். மன்னன் களத்தில் நிற்பதில்லை என்பது அங்கும் விதி.

படகில் யார்?

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றச் செய்திகளைப் படித்தும் திருத்தியும் வருகிறேன். கூண்டில் நிற்பவரின் தொழில் என்ற இடத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'மீனவர்'. வயது இருபதுகளில், முப்பதுகளில். அவர் வைத்திருந்தது சொந்தப் படகாகவும் இராது. சம்மாட்டியின் படகு, அல்லது கடனுக்கு வாங்கிய இயந்திரம்.

ஏன் போனார்? போர்க்காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ், நேரக்கட்டுப்பாடு, தூரக்கட்டுப்பாடு. போர் முடிந்தபின் தமிழக இழுவைப்படகுகள். வாரத்தில் மூன்று இரவுகள் அவை வந்து கடலடியை வாரிச் செல்லும். விரித்த வலையும் அதோடு போகும். இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. தாளில் உள்ள தடை வலையைக் காப்பாற்றவில்லை. ஒரு தொகுதி வலை போனால் அடுத்த தொகுதிக்குக் கடன். 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது எண்ணெயும் இல்லை. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் தொலைபேசியில், ஒரே இரவுக்குப் பல மாத உழைப்பின் தொகையைச் சொல்கிறார். அவர் பெயரும் ஊரும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, தெரியாதிருப்பதுதான் ஏற்பாடு.

அதே 2022 மார்ச்சில் பசிக்குத் தப்பிய குடும்பங்களை அரிச்சல்முனைக்கு அருகிலுள்ள தீடைகளில் இறக்கிவிட்டு வந்தவர்களும் இத்தகைய படகோட்டிகள்தான். கைக்குழந்தையோடு மணல்மேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியது கொடுமை என்பீர்கள், ஆம், கொடுமைதான். அவர்களை ஏற்றிச்செல்ல வேறு எந்தக் கப்பல் காத்துநின்றது என்பதையும் சொல்லுங்கள்.

கடத்தலுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் எழுதவேண்டாம். மஞ்சளும் ஹெரோயினும் ஒன்றல்ல. கஞ்சாவும் ஐஸும் கரையேறும் ஊரிலேயே ஒரு பங்கு தங்கிவிடுகிறது; அதை நுகர்ந்து அழிவது அவ்வூர்ப் பிள்ளைகள். கொண்டுவந்தவன் தண்டிக்கப்படட்டும். இரண்டு கிராமுக்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரணமோ ஆயுளோ என்று இலங்கைச் சட்டம் சொல்கிறது. 1976க்குப் பின் தூக்கு நிறைவேற்றப்படவில்லை என்பதால் அது நடைமுறையில் சிறைக்குள் முடியும் வாழ்க்கை. அந்த வாழ்க்கை யாருடையது என்பதுதான் என் கேள்வி. பணம் போட்டவனுடையதா, படகு ஓட்டியவனுடையதா?

ஆட்டத்துக்கு விதிகள்

ஆகவே தம்பி, தாராளமாக ஆட்டத்தைச் செய்யுங்கள். ஆனால் உண்மையாகச் செய்யுங்கள். கேட்ட மூன்று கேள்விகளுக்குமான பதிலை விதிகளாகவே தருகிறேன்.

முதலாவது, 'டொன்' பொம்மை மேசைமேல் வரக்கூடாது. பெட்டியிலேயே இருக்கட்டும். அவனை எவரும் சுடமுடியாது. அவனைப் பிடிக்க விதியே எழுதாதீர்கள்.

இரண்டாவது, ஆயுதம் வேண்டாம். ஒரு கைத்தொலைபேசி போதும். துப்பாக்கி உள்ள பொம்மைகள் கடற்படைக்கு மட்டும்.

மூன்றாவது, படகு மீன்பிடிக்கும் அதே கண்ணாடியிழைப் படகுதான். ஆகவே கடற்படையை ஆடுபவருக்கு, மேசையிலுள்ள இருபது படகுகளில் எது மீனுக்குப் போகிறது, எது சாமானுக்குப் போகிறது என்று தெரியக்கூடாது. அவர் இருபதையும் மறிக்கலாம். மறிக்கப்படும் ஒவ்வொரு மீன்படகும் அன்றைய உழைப்பை இழக்கும்.

நான்காவது, காற்றுக்கு ஒரு பகடை. சோளகம் வீசினால் தென்கடல் கொந்தளிக்கும். வாடை வீசினால் வடகடல். இயந்திரம் நின்றுபோனவனுக்குத் துப்பாக்கி உதவாது.

ஐந்தாவது, ஒரு கட்டு 'வர்த்தமானி' அட்டைகள். சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஒன்றை உருவவேண்டும். நேற்றுவரை சமையற்சாமானாக இருந்தது இன்று கடத்தல் பொருளாகும். நேற்றைய கடத்தல் பொருள் இன்று பண்ணைத் தொழிலாகும்.

ஆறாவதுதான் முக்கியம். உங்கள் சிக்காகோ ஆட்டத்தில் விழுந்த பொம்மை அடுத்த ஆட்டத்தில் எழுந்து நிற்கும். இதில் அப்படியல்ல. பிடிபட்ட பொம்மைக்குப் பின்னால் ஒரு தாய், ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பொம்மைகளை வைக்கவேண்டும். அடுத்து வரும் ஒவ்வொரு சுற்றிலும் வழக்கறிஞர் கட்டணம், பஸ் செலவு, பறிபோன இயந்திரத்தின் கடன் என்று அவர்கள் செலுத்திக்கொண்டேயிருக்கவேண்டும். பெட்டியிலுள்ளவன் மட்டும் புதிய பொம்மையொன்றை வாங்கிவிடலாம். அதற்கு மிகக் குறைந்த விலை போடுங்கள்.

இந்த ஆட்டத்தில் சுவை குறைவு என்பீர்கள். உண்மை. ஆனால் இதை ஆடியவர் எவரும் 'மன்னார்க் கடலின் பெரிய டொன் யார்' என்று மறுபடியும் கேட்கமாட்டார்.

சொல்லும் ஒரு சிறைதான்

சினிமாக்காரர்களைச் சொல்லிவிட்டு என் தொழிலை விட்டுவிடுவது நேர்மையாகாது. ஆயிரம் கிலோ பீடி இலையோடு மூவர் பிடிபட்டால் 'கடத்தல் மன்னர்கள் சிக்கினர்' என்று நமது பத்திரிகைகள் எட்டுக் கலத்தில் தலைப்பிடுகின்றன. மூவரும் தரையில் முழந்தாளிட்டிருக்கும் படமும் இருக்கும். வழக்கு முடியும் செய்தி வருவதில்லை. முதலாளி யார் என்ற செய்தி வந்ததே இல்லை எனலாம். ஆசிரிய பீடத்தில் இந்தத் தலைப்புகளுக்கு எதிராகப் பலமுறை வாதாடியிருக்கிறேன். "மன்னன் என்றால்தான் விற்கும்" என்பது எனக்குக் கிடைத்த பதில்.

நமக்குச் சொற்களின் வேலை தெரியாததல்ல. 'கள்ளத்தோணி' என்று ஒரு சொல் இருந்தது. அனுமதியின்றி வந்த தோணிக்கு இட்ட பெயர், பின்னர் இந்த நாட்டின் தேயிலையை வளர்த்த மலையகத் தமிழர் முழுப்பேருக்கும் வசையாக மாறியது. ஒரு சொல்லைக் கொண்டு ஒரு மக்கள் கூட்டத்தையே சந்தேகத்துக்குரியவர்களாக்க முடிந்தது. இன்று 'கடத்தல் கரை' என்று பேசாலையையும் தலைமன்னாரையும் வங்காலையையும் எழுதுகிறோம். நாளை அவ்வூர் இளைஞன் ஒருவன் கொழும்பில் வேலை தேடினால், ஊர்ப்பெயரே அவனுக்கு எதிரான சாட்சியாகும். விடியற்காலையில் அவ்வூர்க் கரையில் வலை உதறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு கிராம் கஞ்சாவும் கண்டிராதவர்கள்.

இயக்குநர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் கோரிக்கை எளியது. பிடிபட்டவனை மன்னன் என்று அழைப்பதை நிறுத்துங்கள். மன்னனாக இருந்தால் அவன் பிடிபட்டிருக்கமாட்டான். பிடிபட்டவனுக்கு அவனுடைய சரியான பெயரைக் கொடுங்கள்: கூலிக்குப் படகோட்டியவன். அப்படி எழுதிய மறுகணமே வாசகர் கேட்பார், கூலி கொடுத்தவன் யார் என்று. அந்தக் கேள்விக்கு இந்தக் கரையிலும் எதிர்க்கரையிலும் எவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.